பதின்மூன்று தந்தியும் ஏழு தந்தியும்

உங்கள் வீட்டு மூலையில் உறை போர்த்திய வீணை ஒன்று தூங்குகிறதா, அம்மணி? அப்படியானால் இந்த ஜப்பானியக் கதையைக் கேளுங்கள்.

'கோனோ ஓட்டோ தோமாரே' என்பது 2019-ல் அந்நாட்டு டெலிவிஷனில் வந்த சித்திரத் தொடர். கோத்தோ என்ற அவர்களுடைய 13 தந்தி வாத்தியந்தான் அதில் கதாநாயகி. பள்ளிக்கூடத்துக் கோத்தோ சங்கத்தில் மிஞ்சியிருப்பவன் ஒரே மாணவன். அங்கே வந்து சேருகிறான் முரட்டுப் பையன் குடோ. சங்கத்தைத் தொடங்கியவர், கோத்தோ செய்து வாழ்ந்த அவன் தாத்தா. அவர் காலமான பிறகுதான் பேரனுக்கு வாத்தியத்தின் மேல் ஆசை பிறக்கிறது! விரல் தடுமாறுகிறது, தாளம் ஓடிப் போகிறது. அந்தத் தடுமாற்றந்தான் ஐயா, கதை!

நமக்கு இது புதிதா என்ன? லாரிகள் இரையும் நம் திருவொற்றியூர், வீணை குப்பய்யரின் ஊர். அவருடைய குரு தியாகராஜ சுவாமிகள் அங்கே வந்து, வடிவுடையம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். குப்பய்யர் தம் பிள்ளைக்குக் குருவின் பெயரையே வைத்தார். அந்தத் தியாகய்யரும் சாகித்யகர்த்தா ஆனார். உங்கள் பெண் சாதகம் செய்கிற பேகடை வர்ணம்கூடக் குப்பய்யருடையதாக இருக்கலாம்.

அதை முதன்முதலில் தப்பும் தவறுமாக வாசித்த சிஷ்யப் பிள்ளை யாரோ? அவனை வைத்து யாராவது ஒரு சித்திரத் தொடர் எடுக்கட்டும். ராத்திரிச் சமையலை நான் ஒத்திப் போடத் தயார்!