தெல்மா பிளம்: தொடக்க ஆண்டுகள், 2012–2019
ஆஸ்திரேலியா. வினைல் இசைத்தட்டு, 2019

இது 'பெட்டர் இன் பிளாக்'. பாடகியும் பாடலாசிரியருமான தெல்மா பிளம் வெளியிட்ட முதல் முழு ஆல்பம். 1994-இல் பிறந்த இவர், கமிலராய் பழங்குடியைச் சேர்ந்தவர். இவரது பூர்வீகம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் டெலுங்ரா.

பதின்பருவம் முடியும் முன்பே, 2012-இல், 'டிரிபிள் ஜே' வானொலி தேசியப் பழங்குடி இசை விருதுகளுக்காக நடத்திய புதுமுகத் தேடலில் வென்றார். அடுத்த ஆண்டு 'ரோஸி', 2014-இல் 'மான்ஸ்டர்ஸ்' என இரு சிறு தொகுப்புகள் வந்தன. பிறகு முதல் ஆல்பத்துக்கு ஐந்து ஆண்டுகள். அந்தக் காத்திருப்பு வீண்போகவில்லை.

தலைப்புப் பாடலைக் கவனித்துக் கேளுங்கள். பழங்குடிப் பெண் என்பதற்காகத் தன்மீது வீசப்பட்ட வசைகளுக்கு இவர் தந்த பதில் அது. மெட்டு துள்ளலானது, சொற்களில் தயக்கமே இல்லை. 'மேட் ஃபார் யூ' பாடலில் ஒலிக்கும் கிட்டார்களில் ஒன்றை வாசித்தவர் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி.

'டிரிபிள் ஜே' நேயர்கள் வாக்களித்துத் தேர்ந்த 2019-ஆம் ஆண்டின் நூறு பாடல்களில், தலைப்புப் பாடல் 9-ஆம் இடம் பெற்றது.