எச்சே என்றால் வீடு

தங்கை மகள் சென்னையிலிருந்து வந்திருந்தாள். இஞ்சி தட்டிப் போட்ட டீயை ஆற்றிக்கொண்டே கைபேசியை என் பக்கம் நீட்டினாள்.

"மாமா, இதைக் கொஞ்சம் பாருங்க. பாஸ்க் நாடு, ஒன்பது நாள். மொத்தமே பன்னிரண்டு பேரைத்தான் கூட்டிட்டுப் போவாங்களாம். பெரிய பஸ்ல நாற்பத்தஞ்சு பேரா போறதைவிட ரொம்ப ஜாஸ்தி கேக்குறாங்க. ஆள் குறைஞ்சா காசு கூடுறது என்ன நியாயம்?"

நியாயம் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல எங்கிருந்தோ தொடங்க வேண்டும். அந்தப் பக்கம் ஒருமுறை போய் வந்தவன் நான். இன்னொரு டம்ளர் டீ போடச் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

ஸ்பெயினும் பிரான்சும் கடலோரம் முட்டிக்கொள்ளும் இடத்தில், பிரனீஸ் மலை இறங்கி அட்லாண்டிக்கைத் தொடுகிற மூலையில் இருக்கிறது பாஸ்க் நிலம். ஏழு பழைய மாகாணங்கள். நான்கு ஸ்பெயினில், மூன்று பிரான்சில். தனிச் சுதந்திர நாடு கிடையாது. எல்லாமாகச் சுமார் 30 லட்சம் பேர். தங்கள் நிலத்தை அவர்கள் எவுஸ்கால் எரியா என்கிறார்கள். எவுஸ்கரா பேசும் நாடு என்று பொருள். எவுஸ்கரா அவர்களுடைய மொழி. அதைப் பேசுகிறவர் எவுஸ்கால்துன். 'எவுஸ்கராவை வைத்திருப்பவர்' என்பது அந்தச் சொல்லின் நேர்ப்பொருள். குலத்தையோ ஊரையோ கேட்காமல், மொழி உன்னிடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிற சொல் அது. எனக்கு அந்த மக்கள்மேல் மரியாதை வந்ததே அந்தச் சொல்லால்தான்.

இன்று உயிரோடு இருக்கிற எந்த மொழியோடும் எவுஸ்கராவுக்கு உறவு நிறுவப்படவில்லை. சுற்றிலும் லத்தீனின் பிள்ளைகள்; நடுவில் இது தனியாக நிற்கிறது. பேசுகிறவர்கள் சுமார் 7.5 லட்சம் பேர்.

செய்தித்தாளின் ஓரத்தில் 'எச்சே' என்று எழுதிக் காட்டினேன். எச்சே என்றால் வீடு. எச்சேயான் என்றால் வீட்டில். எச்சேரா, வீட்டுக்கு. எச்சேட்டிக், வீட்டிலிருந்து.

"நம்ம வேற்றுமை உருபு மாதிரியே பின்னாடி ஒட்டுதே மாமா!"

ஒட்டுகிறதுதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு தமிழுக்கும் அதற்கும் உறவு கொண்டாடக் கூடாது. துருக்கியத்திலும் ஜப்பானியத்திலும்கூட இப்படி ஒட்டும். வாக்கியம் கட்டுகிற விதத்தில் ஒரு சாயல், அவ்வளவுதான். நமக்குக் கற்க எளிது என்று வேண்டுமானால் சந்தோஷப்படலாம்.

இந்த எச்சே என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் அவர்கள் வாழ்க்கை முழுவதையும் பிடித்துவிடலாம். மலைச் சரிவுகளில் தனித்தனியாக நிற்கும் பண்ணைவீட்டுக்கு பசெர்ரி என்று பெயர். தடித்த கல்சுவர், அகன்ற ஓட்டுக்கூரை. கீழ்த்தளத்தில் மாடுகளும் மனிதர்களும், மேலே வைக்கோல். வீட்டுக்கு ஒரு பெயர் இருக்கும். மனிதர்களுக்குப் பெயர் வீட்டிலிருந்து வரும். நம் பக்கம் 'மேலவீட்டுக்காரர்' என்போமே, அப்படி; அங்கே அதுவே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. வீடும் நிலமும் துண்டுபடக் கூடாது என்பதால் பிள்ளைகளில் ஒருவருக்கே எல்லாம் போகும். பல இடங்களில் அது மகளாகவும் இருக்கலாம். மற்றவர்கள் கடலுக்குப் போனார்கள், மடத்துக்குப் போனார்கள், அமெரிக்காவுக்கு ஆடு மேய்க்கப் போனார்கள். 16ஆம் நூற்றாண்டிலேயே கனடாவின் லாப்ரடார் கரைவரை திமிங்கில வேட்டைக்குப் போனவர்கள் இவர்கள்.

தேவாலயத்தில்கூட ஒவ்வொரு வீட்டுக்கும் ஓரிடம் உண்டு. அங்கே வைக்கும் ஒரு பலகையைப் பார்த்தேன். முழங்கை நீளம்தான் இருக்கும். பூவும் சக்கரமும் செதுக்கிய மரம். அதைச் சுற்றி, நூல்கண்டு போல மெல்லிய மெழுகுத்திரியைச் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கிறார்கள். பெயர் அர்கிசாய்யோலா. வீட்டில் இறந்தவர்களுக்காக அந்தத் திரியின் நுனியை ஏற்றுவாள் வீட்டுத் தலைவி. எரிய எரியச் சுருளை அவிழ்த்துவிட வேண்டும். திரி பட்டுப் பட்டு மரத்தின் விளிம்பு கறுத்திருந்தது.

"எச்சேயோட பெர்ரியைச் சேர்த்தா என்ன வரும் தெரியுமா?" என்று கேட்டேன். பெர்ரி என்றால் புதிய. எச்சேபெர்ரி, புதுவீடு. அந்தப் பெயரில் நவார்ரா பகுதியில் ஒரு கோட்டைவீடு. பெயர் வாய்க்கு வாய் தேய்ந்து ஷாவியர் ஆயிற்று. அந்த வீட்டில் 1506இல் பிறந்தவர்தான் பிரான்சிஸ் சேவியர், நம் சவேரியார்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். எங்கள் தூத்துக்குடியில் தெருவுக்கு ஒரு சேவியர் உண்டு. அத்தனை பேரும் ஒரு பாஸ்க் வீட்டின் பெயரைச் சுமக்கிறார்கள்.

1542இல் கோவா வந்த சவேரியார், அந்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் நடுவே வேலை செய்தார். 1544 ஜனவரியில் ரோமில் இருந்த தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில், மக்களுக்குத் தன்னையும் தனக்கு மக்களையும் புரியவில்லை, அவர்களுடைய தாய்மொழி மலபார், என்னுடையது பிஸ்காயா மொழி என்று சொல்கிறார். போர்த்துகீசியர் அன்று மலபார் மொழி என்றது தமிழை. பிஸ்காயா மொழி என்பது எவுஸ்கரா. போர்த்துகீசியமும் தமிழும் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து, ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்தார். உலகம் சுற்றிய அந்த மனிதர் தன் தாய்மொழியைப் பெயர் சொல்லிக் குறித்தது நம் கடற்கரையைப் பற்றி எழுதும்போது.

இப்போது அவள் கேட்ட கேள்விக்கு வரலாம். வீட்டை நடுவில் வைத்து வாழ்கிறவர்களைப் பார்க்கப் போகிறவர்கள், ஒரு வீடு தாங்குகிற எண்ணிக்கையில் போக வேண்டும்.

சான் செபஸ்தியான் நகரத்தில் சோக்கோ என்று ஒன்று உண்டு. 'மூலை' என்று பொருள். நண்பர்கள் சங்கமாகச் சேர்ந்து ஒரு சமையலறை வைத்துக்கொள்வார்கள். அங்கத்தினர் கையில் சாவி இருக்கும். காய்கறி, மீன் வாங்கி வந்து தானே சமைப்பார். எடுத்த ஒயினையும் எண்ணெயையும் தானே கணக்கெழுதிப் பணம் வைப்பார். சரிபார்க்க ஆள் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வழக்கம். நெடுங்காலம் அடுப்படிப் பக்கம் பெண்களை விடவில்லை. அது தவறுதான், இப்போது பல சங்கங்கள் மாறிவிட்டன. அங்கே போர்டு மாட்டி சாப்பாடு விற்பதில்லை. அங்கத்தினர் அழைத்தால்தான் உள்ளே போகலாம். பத்துப் பன்னிரண்டு பேரை ஒருவர் அழைக்க முடியும். நாற்பத்தைந்து பேரை எந்த நண்பர் அழைப்பார்?

ஆப்பிள் மதுக்கூடமும் அப்படித்தான். அஸ்திகர்ராகா, எர்னானி ஊர்களைச் சுற்றி ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல்வரை பருவம். நீளமான மேசை, பெரும்பாலும் நின்றபடியே சாப்பாடு. கருவாடாக உப்பிட்ட காட் மீனில் ஆம்லெட், பிறகு அதே மீன் பச்சைக் குடைமிளகாயோடு, பிறகு கனலில் சுட்ட பெரிய மாட்டு இறைச்சித் துண்டு, கடைசியில் பாலாடைக்கட்டியும் வால்நட்டும். நடுநடுவே யாராவது "சோச்!" என்று குரல் கொடுப்பார். உடனே எல்லோரும் தட்டை விட்டுவிட்டுக் கண்ணாடி டம்ளரோடு எழுந்து போக வேண்டும். ஆளைவிட உயரமான மரப்பீப்பாய். அடைப்பைத் திறந்தால் நூல் போல ஒரு தாரை, தூரத்தில் வந்து விழும். டம்ளரைச் சாய்த்து, கண்ணாடிச் சுவரில் மோதி நுரைக்கும்படி பிடிக்க வேண்டும். இரண்டு விரல் அளவு பிடித்ததும் விலகினால், தாரை தரையில் விழுமுன் பின்னால் நிற்பவர் டம்ளர் அதற்குள் நுழைய வேண்டும். நான் முதல் தடவை தாமதித்தேன். பின்னால் நின்ற முதியவர் என் முழங்கையைப் பிடித்து டம்ளரை எப்படிச் சாய்ப்பது என்று காட்டிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பொதுவாக இல்லை எங்களுக்குள். எஸ்கேரிக் அஸ்கோ, நன்றி, என்று மட்டும் சொன்னேன். அப்புறம் அவர் என்னை விடவே இல்லை.

அந்த மொழியில் ஒரு சொல் கேட்டால் அவர்கள் முகம் மலர்வதற்குக் காரணம் உண்டு. கெர்னிகாவுக்குப் போனால் தெரியும். பிஸ்காயா மாகாணத்தின் பிரதிநிதிகள் ஓர் ஓக் மரத்தடியில் கூடிய ஊர் அது. ஆளவந்த பிரபுக்கள் அவர்கள் பழஞ்சட்டங்களை மதிப்பதாக அங்கே சத்தியம் செய்தார்கள். 1937 ஏப்ரல் 26, திங்கள், சந்தை நாள். உள்நாட்டுப் போரில், பின்னாளில் ஸ்பெயினின் சர்வாதிகாரியான ஃபிராங்கோவுக்குத் துணையாக வந்த ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் ஊரை எரித்தன. மரமும் மன்றமும் தப்பின. அந்த அழிவைப் பற்றிய பிக்காசோவின் ஓவியம் மாட்ரித்தில் இருக்கிறது. கெர்னிகாவில் பார்க்க வேண்டியது மரத்தை. ஒன்று பட்டுப்போனால் அதன் வாரிசுக் கன்றை நடுகிறார்கள். மிகப் பழைய அடிமரத்தைத் தூண் மண்டபத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

அதன்பின் 1975இல் ஃபிராங்கோ சாகும்வரை எவுஸ்கரா பொது இடங்களிலிருந்து விரட்டப்பட்டது. பெற்றோர் ரகசியமாக வீடுகளில் பள்ளி நடத்தினார்கள். அந்த அடக்குமுறை நடுவிலேயே, 1968இல் அரன்சசு மடத்தில் அறிஞர்கள் கூடி, சிதறிய வட்டார வழக்குகளுக்கு ஒரு பொது எழுத்துமொழி வகுத்தார்கள். இன்று கொடுத்த தலைப்பில், கொடுத்த சந்தத்தில், அந்த நிமிடமே பாட்டுக் கட்டிப் பாடும் ஆசுகவிகளைக் கேட்க அரங்கில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடுகிறார்கள். 2009இல் பாஸ்க் நிலம் முழுவதற்குமான ஆசுகவிப் போட்டியில் மயாலென் லுஹான்பியோ வென்றபோது, பட்டம் முதல்முறையாக ஒரு பெண்ணுக்குப் போனது.

பில்பாவோ நகரத்துக் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு இத்தனை பேச்சு தேவையில்லை. நல்ல கட்டடம், தனியாகவே டிராமில் போய்ப் பார்த்துவிடலாம்.

"அப்போ இந்தப் பன்னிரண்டு பேர் பயணத்துல என்ன விசாரிக்கணும் மாமா?"

வழிகாட்டி எவுஸ்கரா பேசுகிறவரா, சாப்பாடு ஓட்டலிலா சோக்கோவிலா, பண்ணைவீட்டில் ஓர் இரவாவது தங்கல் உண்டா. இந்த மூன்றுக்கும் பதில் சரியில்லை என்றால், பன்னிரண்டு பேர் என்பது சின்ன வண்டி என்பதோடு முடிந்துவிடும். சான் செபஸ்தியானில் 2024இல் நகரசபையே வழிகாட்டியோடு வரும் குழுவுக்கு 25 பேர் என்று உச்சவரம்பு வைத்துவிட்டது. பழைய நகரத்துச் சந்துகளில் குடியிருப்பவர்கள் நடக்க வேண்டாமா?

அவள் கைபேசியில் குறித்துக்கொண்டாள். பிறகு அந்த நிறுவனத்துக்குச் செய்தி அனுப்பினாள். நான் சொன்ன மூன்றையும் கேட்டுவிட்டு, நாலாவதாகத் தன் கேள்வி ஒன்றையும் சேர்த்திருந்தாள்: போகிற வழியில் ஷாவியர் கோட்டையில் ஒரு மணி நேரம் நிறுத்த முடியுமா?