ஓட்டை விழுந்தால்தான் உசத்தி... தெரியுமா?

குடத்தில் ஓட்டை விழுந்தால் பற்றவைக்க ஓடுவோம். கூரையில் விழுந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் வேண்டுமென்றே உடம்பெல்லாம் பொடிப்பொடி ஓட்டையாக ஓர் உலோகப் பொருள் செய்கிறார்கள்! பெயர் டைட்டானியம் அலுமினைடு. வாங்க, உள்ளே எட்டிப் பார்ப்போம்!

அணுக்கள் பந்தியில் உட்காரும், தெரியுமா?
பித்தளையில் செம்பும் துத்தநாகமும் திருவிழாக் கூட்டம்போல இஷ்டத்துக்குக் கலந்து நிற்கும். இங்கே ஒரு வரிசை டைட்டானிய அணு, அடுத்த வரிசை அலுமினிய அணு, மறுபடி டைட்டானியம்... அப்படி ஓர் ஒழுங்கு! அதனால் 700 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் அசராது. எடையோ, ஜெட் எஞ்சினில் வழக்கமாகப் போடும் நிக்கல் கலப்புலோகத்தில் ஏறக்குறைய பாதி! போயிங் 787 விமானங்கள் பலவற்றைத் தூக்கிச் செல்லும் ஜிஇஎன்எக்ஸ் எஞ்சினில், டர்பைனின் கடைசி இரண்டு அடுக்குத் தகடுகள் இதில் செய்தவைதான். ஆனால் அது ஓட்டையில்லாத கெட்டி வார்ப்பு. ஓட்டைக் கதை இனிமேல்தான்!

ஓட்டையை யாரும் போடுவதில்லை, தெரியுமா?
ஆப்பம் வேகும்போது யார் ஓட்டை போடுகிறார்கள்? தானாக விழுகிறது அல்லவா! டைட்டானியப் பொடியையும் அலுமினியப் பொடியையும் கலந்து, அழுத்தி வில்லையாக்கி, உலையில் வைக்கிறார்கள். சூடு ஏறியதும் அலுமினிய அணுக்கள் அவசரக் குடுக்கைகளாக டைட்டானியத்துக்குள் பாய்கின்றன. டைட்டானிய அணுக்களோ ஆடி அசைந்துதான் எதிர்ப்பக்கம் வருகின்றன. போனது நிறைய, வந்தது கொஞ்சம். அலுமினியத் துணுக்கு குடியிருந்த இடம் காலி! அதுதான் ஓட்டை!

இதை முதலில் யாரும் நம்பவே இல்லை, தெரியுமா?
இரண்டு உலோகம் கலந்தால் அணுக்கள் ஒன்றுக்கு ஒன்று சரிசமமாக இடம் மாறும் என்றுதான் அந்தக்கால அறிஞர்கள் நினைத்தார்கள். அமெரிக்காவின் எர்னஸ்ட் கிர்க்கெண்டால் ஒரு பித்தளைக் கட்டியில் மாலிப்டினக் கம்பிகளைச் சுற்றி, மேலே செம்பு பூசி, நாள்கணக்கில் சூடேற்றினார். அசையாமல் இருக்கவேண்டிய கம்பிகள் உள்பக்கமாக நகர்ந்துவிட்டன! துத்தநாகம் செம்பைவிட வேகமாக ஓடிவிட்டது. ராபர்ட் மெல் என்ற உலோகவியல் பெரும் புள்ளி இதை ஏற்க மறுத்ததில், கட்டுரை மாதக்கணக்கில் முடங்கி, 1947இல்தான் அச்சேறியது. வேடிக்கை என்ன தெரியுமா? மெல் தன் ஆய்வகத்திலேயே சோதனை செய்து, 1951இல் ‘கிர்க்கெண்டால் சொன்னதே சரி’ என்று உறுதி செய்தார்!

வெந்தால் உப்பும், தெரியுமா?
மண்பானை சூளையில் சுருங்கும். உலோகப்பொடி வில்லையும் பொதுவாகச் சுருங்கத்தான் செய்யும். இதுவோ பூரி மாதிரி உப்புகிறது! எல்லாம் உள்ளே விழும் ஓட்டைகளின் வேலை.

தன் சூட்டிலேயே தான் வேகும், தெரியுமா?
டைட்டானியமும் அலுமினியமும் சேரும்போதே வெப்பம் பிறக்கிறது. வில்லையைக் கொஞ்சம் சூடாக்கி ஒரு முனையைப் பற்றவைத்தால் போதும்; தீ ஊதுவத்தியில் போவதுபோல, ஆனால் அதைவிட வேகமாக, மறுமுனைக்கு ஓடிவிடும்! இப்படித் தானாக எரிந்து பொருள் உருவாக்கும் முறையைச் சோவியத் விஞ்ஞானி மெர்ஷானோவின் குழு 1967இல் கண்டுபிடித்தது.

சமையல் உப்புக்கும் இங்கே வேலை உண்டு, தெரியுமா?
ஓட்டை இன்னும் பெரிதாக வேண்டுமா? பொடியோடு உப்புக்கல்லைக் கலந்து அழுத்தலாம். பிறகு தண்ணீரில் ஊறவைத்தால் உப்பு கரைந்து ஓடிவிடும். உப்பு இருந்த இடமெல்லாம் ஓட்டை!

கணக்குப் போட்டால் மலைத்துப் போவீர்கள்!
கெட்டி டைட்டானியம் அலுமினைடு ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 4 கிராம். பாதி ஓட்டையானால் 2 கிராம். அலுமினியமே 2.7 கிராம்! ஆனால் இந்தப் பொருளுக்கு ஒரு குறை: அறை வெப்பத்தில் வளையாது, உடையும். அதற்கும் ஓட்டையே மருந்து! உருகிய மக்னீசியத்தை அழுத்திப் புகட்டினால் அது சந்துபொந்தெல்லாம் நிறைந்து இறுகும். விறைப்பும் இளக்கமும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய கூட்டுப்பொருள் தயார். எடை? மக்னீசியம் 1.74 கிராம்தான், எனவே எல்லாம் சேர்த்தும் 2.9 கிராமைத் தாண்டாது. அலுமினியத்துக்குப் பக்கத்திலேயே!

கடைசியாக ஒன்று...
மின்னணுச் சிப்புகளில் தங்கக் கம்பி அலுமினியத்தைத் தொடும் இடத்திலும் இதே கிர்க்கெண்டால் ஓட்டை விழும். இணைப்பே அறுந்துபோகும் என்று அங்கே பொறியாளர்கள் தலையில் கைவைக்கிறார்கள். இங்கேயோ, ‘இன்னும் நாலு ஓட்டை விழாதா?’ என்று உலை வாசலில் காத்திருக்கிறார்கள்!