சிறிய கமராவும் அதன் மதிப்பும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்து வாழும் நமக்குப் படமெடுப்பதற்குரிய காட்சிகளுக்குக் குறைவில்லை. சுவாமி மலையடியில் மோதும் அலைகளும், பிரட்றிக் கோட்டையில் உலவும் புள்ளிமான்களும், விரிகுடாவில் செல்லும் தோணிகளும் யாரையும் கவர்வன. இவற்றைப் படமெடுப்பதற்குச் சட்டைப்பையில் அடங்கும் 'சூம்' கமரா ஒன்று வேண்டுமென மாணவர் கேட்கின்றனர். கைத்தொலைபேசி இருக்க இது எதற்கு என்று பெற்றோர் வினவுகின்றனர். இருவர் கேள்வியும் நியாயமானதே.

உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். கனன் நிறுவனத்தாரின் 'இக்சஸ் 285' என்னும் கமரா 2016ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்காவில் வேறொரு பெயருடன் சுமார் 210 டொலருக்கு விற்கப்பட்டது. 2025இல் சிறு மாற்றங்களோடு அது மீண்டும் வெளிவந்தபோது விலை சுமார் 380 டொலர். வில்லை பழையதே, 20 மெகாபிக்சல் என்ற அளவும் பழையதே. 2010ஆம் ஆண்டில் உலகெங்கும் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் கமராக்கள் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2023இல் அத்தொகை ஒரு கோடியையும் எட்டவில்லை. அருகிப்போன பொருளை இளைஞர் மீண்டும் நாடவே விலை ஏறிற்று.

அப்படியாயின் அதில் பயனே இல்லையோ? உண்டு. அதன் வில்லை 12 மடங்கு நெருக்கிக் காட்டும். கரையிலிருந்து அரைக் கிலோமீற்றர் தொலைவில், 6 மீற்றர் நீளமான தோணி ஒன்று பக்கவாட்டாகச் செல்கிறது என்று கொள்வோம். சூம் செய்யாத படத்தில் சுமார் 700 மீற்றர் அகலமான கடற்பரப்பு அடங்கும். தோணி வெறும் புள்ளியாகும். முழுச் சூமில் அவ்வகலம் 60 மீற்றருக்குக் குறுகும். தோணி படத்தின் பத்திலொரு பங்கை நிரப்பும். மலிவான கைத்தொலைபேசிகள் பல, படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெருப்பிப்பதனால் இத்தெளிவைத் தரமாட்டா.

ஆனால் இந்த வித்தைக்கு வெளிச்சம் வேண்டும். முழுச் சூமில் அவ்வில்லை உட்கொள்ளும் ஒளி, சூம் இல்லாதபோது கிடைப்பதில் ஏறக்குறைய காற்பங்கே. ஒளியை வாங்கும் உணரியும் சிறியது; அதன் பரப்பு பழைய 35 மில்லிமீற்றர் பிலிமின் பரப்பில் முப்பதிலொரு பங்கு. ஆகவே காலை வெயிலில் நன்கு பதியும் தோணி, கோணேசர் ஆலயத்தில் விளக்கேற்றும் வேளையில் புள்ளி படர்ந்து கலங்கும். அவ்வேளைக்குப் புதிய கைத்தொலைபேசியே மேலானது. மேலும், நீண்டு சுருங்கும் வில்லைக்குழலின் இடுக்கில் கடற்கரை மணல் புகுந்தால் செப்பனிடும் செலவு பெரிது.

வாங்க எண்ணுவோர், பெட்டியின் மேல் அச்சிட்ட இலக்கங்களைக் கண்டு முடிவு செய்யலாகாது. கடைக்காரரின் அனுமதியுடன் கமராவை வாசலுக்குக் கொண்டுவந்து, தொலைவிலுள்ள பெயர்ப்பலகை ஒன்றை முழுச் சூமில் எடுங்கள். அதனையே கைத்தொலைபேசியாலும் எடுங்கள். பின் கடையின் உள்ளே மங்கிய மூலை ஒன்றை இரண்டாலும் எடுங்கள். நான்கு படங்களையும் பெரிய திரையில் ஒப்பிட்டால் உண்மை புலனாகும். பழைய கமராவாயின் வில்லை தடையின்றி நீள்கிறதா, மின்கலம் கிடைக்குமா என்பவற்றையும் கேட்டறிக.

பகலில் பறவையையும் தோணியையும் தேடிச் செல்லும் மாணவனுக்கு, நியாயமான விலைக்குக் கிடைத்தால் இக்கமரா தகும். வீட்டு விழாக்களையும் மாலைப் பூசையையும் எடுக்க விரும்பும் குடும்பத்துக்கு அப்பணம் வீணே. எதைப் படமெடுக்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால், பெற்றோரும் பிள்ளையும் வாதாட வேண்டிய தேவை பாதியாகக் குறைந்துவிடும்.