மலைநாட்டுக்கு ஒரு தொலைக்காட்சி

ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தை வரைபடத்திற் காண்போர், அதன் கிழக்கு மூலையிலே பிலடெல்பியாவையும் மேற்கிலே பிற்ஸ்பேர்க்கையும் எளிதிற் கண்டுகொள்வர். இவ்விரு மாநகரங்களுக்கும் இடைப்பட்ட பெருநிலம் அப்பலாச்சியன் மலைத்தொடரினாலும் அதன் நெடும் பள்ளத்தாக்குகளாலும் ஆயது. நிலக்கரிச் சுரங்கங்கள் ஓய்ந்துபோன சிற்றூர்களும், பாற்பண்ணைகளும், அடர்ந்த காடுகளுமே அங்கு மிகுதி. இந்நிலத்தின் நடுவே அமைந்திருப்பது பென் ஸ்டேற் எனச் சுருக்கமாக வழங்கும் பென்சில்வேனியா ஸ்டேற் பல்கலைக்கழகம். அது 1965ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1ஆந் திகதி ஒரு தொலைக்காட்சி நிலையத்தைத் தனதாக நடத்தத் தொடங்கியது. அறுபது ஆண்டு சென்றபின், 2025இல், அந்நிலையத்தை மூடிவிடுவதென ஒரு தீர்மானம் எழுந்தது. பாடஞ் சொல்லவேண்டிய பல்கலைக்கழகம் படங்காட்டப் புகுந்தது ஏன்? அப்பணியைத் தாங்கவியலாத நிலையை அஃது எய்தியது எங்ஙனம்? இவ்விரு வினாக்களையுமே இங்கு ஆராய முற்படுகின்றோம்.

தொலைக்காட்சி அலைவரிசைகள் எண்ணிக்கையில் அளவுடையன. ஒருவர் ஓர் அலைவரிசையைக் கைக்கொண்டால் அவ்வட்டாரத்தில் மற்றொருவர் அதனைப் பயன்படுத்தவியலாது. ஆதலின் யாருக்கு எதனை வழங்குவது என்பதனை அமெரிக்க நாட்டிலே சமஷ்டித் தொடர்பு ஆணைக்குழு வரையறுக்கின்றது. அவ்வாணைக்குழு 1948இற் புதிய அனுமதிகள் யாவற்றையும் நிறுத்திவைத்துவிட்டு, நான்காண்டுகள் தன் திட்டத்தை மீளாய்வு செய்தது. அக்காலத்தில் ஆணைக்குழுவில் இடம்பெற்ற முதற் பெண்மணியாகிய பிரீடா ஹெனொக் அம்மையார், கல்விக்கெனச் சில அலைவரிசைகளை ஒதுக்கியே தீரவேண்டுமென விடாது வாதாடினார். அன்று ஒதுக்கப்படாவிடின் வணிகர் யாவற்றையும் கொண்டுவிடுவர். பின்னர் மீட்பது அரிது என்பது அவர் கருத்து. நகரம் வளருமுன் பாடசாலைக்கு நிலம் விட்டுவைப்பதை ஒத்தது இது. 1952இல் 242 அலைவரிசைகள் கல்விக்கென ஒதுக்கப்பட்டன. அடுத்த ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி ஹூஸ்டன் பல்கலைக்கழகம் அவ்வொதுக்கீட்டின்கீழ் முதல் நிலையத்தை ஆரம்பித்தது.

பென் ஸ்டேற்றின் பிறப்பை அறிந்தோர்க்கு அது தொலைக்காட்சியை நாடியமை வியப்பாகத் தோன்றாது. அது 1855இல் உழவர்க்கான உயர்நிலைப்பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம். 1862ஆம் ஆண்டின் மொறில் சட்டத்தினால் நிலக்கொடை பெற்ற கல்லூரிகளுள் ஒன்று. அத்தகைய கல்லூரிகள் தம் ஆராய்ச்சியின் பயனை வளாகத்துக்கு வெளியே உழவரிடமும் இல்லத்தரசியரிடமும் கொண்டுசெல்லும் கடமை பூண்டவை. 1914இல் இயற்றப்பட்ட சிமித்-லீவர் சட்டம் அக்கடமைக்கு அரசின் பொருளுதவியையும் சேர்த்தது. அன்று மண்ணையும் விதையையும் பற்றிச் சொல்ல ஊரூராகச் சென்ற அலுவலரின் வழியையே பின்னர் அலைகள் பின்பற்றின எனலாம்.

இந்நிலையத்துக்கு மற்றொரு முன்னோடியும் உண்டு. ஆசிரியர்களாகிய வாசகர் இதனைச் சிறப்பாகக் கவனிப்பாராக. 1950களின் நடுப்பகுதியில் அப்பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களான கார்ப்பென்ரரும் கிறீன்ஹில்லும் ஒரு பரிசோதனையை நடத்தினர். ஒருவர் ஒரு மண்டபத்தில் நிகழ்த்தும் விரிவுரையைக் கம்பிவழியே பல அறைகளுக்குச் செலுத்தி, அவ்வறைகளிற் கற்ற மாணவரின் பெறுபேற்றை நேரிற் கற்றோரின் பெறுபேற்றோடு ஒப்பிட்டனர். பெரும்பாலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இம்முடிவைக் கேட்டு ஆசிரியர் மகிழ்வதா வருந்துவதா என்பது வேறு விடயம். எங்ஙனமாயினும், ஒளிக்கருவிகளையும் அவற்றை இயக்கத் தெரிந்தோரையும் அப்பரிசோதனை வளாகத்தினுள்ளே சேர்த்துவைத்தது.

இனி மலைகளைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். சமநிலத்தில் வாழும் நமக்கு இவ்விடர்ப்பாடு எளிதிற் புலப்படாது. தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வது. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு குன்று நின்றால் அப்பாலுள்ள ஊர் அதன் நிழலில் அகப்பட்டுவிடும். பென்சில்வேனியாவின் கிழக்குச் சுரங்க மலைகளிலுள்ள லான்ஸ்போர்ட் என்னும் ஊரார், 1950இற் குன்றின் உச்சியிலே ஒரு பொது வானலைவாங்கியை நாட்டி, அங்கிருந்து கம்பிவழியாக வீடுதோறும் படத்தைக் கொணர்ந்தனர். இன்று உலகெங்கும் பரந்துள்ள கேபிள் தொலைக்காட்சியின் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று. ஆனாற் கம்பி நெருங்கிய வீடுகளுக்கே கட்டுப்படியாகும். தனித்தனிப் பண்ணை வீடுகளுக்கு அலையே கதி. அலையிலும் வேற்றுமை உண்டு. மூன்றாம் அலைவரிசையின் அலைநீளம் ஏறக்குறைய 5 மீற்றர். உயர் அலைவரிசைகளின் அலைநீளம் அரை மீற்றரளவே. நீண்ட அலை குன்றின் விளிம்பிலே ஓரளவு வளைந்து அப்பாலும் இறங்கும். குறுகிய அலைக்கு அவ்வாற்றல் குறைவு. பென் ஸ்டேற் நிலையத்துக்குக் கிடைத்தது அந்த மூன்றாம் அலைவரிசையே. அதன் உரிமம் வளாகம் அமைந்த ஊருக்கன்றி, வடமேற்கே மலைகளிடையுள்ள கிளியர்பீல்ட் என்னும் சிற்றூருக்கு வழங்கப்பட்டது. டபிள்யூ-பி-எஸ்-எக்ஸ் என்று தொடங்கிய அதன் பெயர் 2005இல் டபிள்யூ-பி-எஸ்-யூ என மாற்றப்பட்டது.

வணிகத் தொலைக்காட்சி இந்நிலத்துக்கு ஏன் இப்பணியைச் செய்யவில்லை என வினவலாம். வணிக நிலையம் விற்பது நிகழ்ச்சியை அன்று. பார்ப்போரின் தொகையையே விளம்பரகாரருக்கு விற்கின்றது. கோபுரம் எழுப்பும் செலவும் அதற்கு மின்சாரம் ஊட்டும் செலவும் பத்திலட்சம் பேருக்கும் ஒன்றே, பத்தாயிரம் பேருக்கும் ஒன்றே. மலைநாட்டிலோ ஒரு பெருநகருக்கு வேண்டியதினும் அதிகமான கருவிகள் வேண்டும், பார்ப்போரோ சிலர். எனவே அங்கு வணிகர் நிலையம் வைப்பினும், ஒரு பள்ளத்தாக்கின் பாடசாலைக்கெனவோ பண்ணைக்கெனவோ தனி நிகழ்ச்சி ஆக்குவாரல்லர்.

பல்கலைக்கழக நிலையம் ஆக்கியது. கிராமப் பாடசாலைகளின் வகுப்பறைகளுக்குப் பாடங்கள் ஒளிபரப்பாயின. வானிலையியல் துறையினர் தாமே தோன்றி, மழையும் பனியும் வருவதன் காரணத்தை விளக்கும் நிகழ்ச்சி பல்லாண்டுகள் நடைபெற்றது. நாளைக்கு மழையுண்டு என்று சொல்வதோடமையாது, ஏன் என்றும் சொல்லும் வானிலை அறிக்கை உழவர்க்கு எத்துணைப் பயனுடையது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1979இற் கேபிள் நிறுவனங்களோடு கூடிப் பென்னராமா என்னும் கல்வி அலைவரிசையையும் பல்கலைக்கழகம் நடத்தலாயிற்று. இவை யாவற்றினும் எம் உள்ளத்தைக் கவர்வது 'எங்கள் ஊர்' எனப் பொருள்படும் பெயர் கொண்ட தொடரே. ஒரு சிற்றூரைத் தெரிந்து, அவ்வூராரிடமே படக்கருவியைக் கொடுத்து, தங்கள் ஊரிற் காட்டத்தக்கது எதுவோ அதனைத் தாமே படமாக்கச் செய்தனர். தேர்ச்சிபெற்ற படப்பிடிப்பாளர் இதனைக் காணின் முகஞ் சுளிப்பர். ஆயினும் தம் ஊரைத் திரையிற் காண்பதற்கு வேறு வாய்ப்பே இல்லாத மக்கள் அவர்.

ஒரு குறையையும் மறைத்தல் தகாது. நிலையத்தின் சொந்தக்காரர் பல்கலைக்கழகம். அப்பிரதேசத்தின் மிகப்பெரிய செய்திப்பொருளும் அதுவே. 2011இல், அங்குப் பணியாற்றிய ஒரு முன்னாட் காற்பந்துப் பயிற்சியாளர் சிறுவர்க்கிழைத்த கொடுமை வெளிப்பட்டுப் பல்கலைக்கழகத் தலைவரும் தலைமைப் பயிற்சியாளரும் பதவி இழந்தபோது, நாடெங்கிலுமிருந்து செய்தியாளர் அங்கு குவிந்தனர். அத்தகைய வேளையில், எசமானனின் வீட்டைப் பற்றியே செய்தி சொல்லவேண்டிய ஊழியனின் நிலையை எண்ணிப் பார்க்க. செய்தித்துறையின் சுதந்திரத்தை விதிகளாற் காக்கலாம். சம்பளம் எங்கிருந்து வருகின்றது என்னும் நினைவை விதிகளால் அழிக்கவியலாது. பல்கலைக்கழகம் நடத்தும் நிலையங்கள் யாவற்றுக்கும் பொதுவான சிக்கல் இது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதிலேதான் 2025ஆம் ஆண்டின் துன்பமும் அடங்கியுள்ளது. 1962இற் கல்வித் தொலைக்காட்சிக் கருவிகளுக்கென 3 கோடி 20 இலட்சம் டொலரை ஒதுக்கும் சட்டம் நிறைவேறியது. 1967இல் ஜனாதிபதி ஜோன்சன் கைச்சாத்திட்ட பொது ஒலிபரப்புச் சட்டத்தின்கீழ் ஒரு கூட்டுத்தாபனம் அமைந்தது. அரசின் பணத்தை அது வாங்கி நிலையங்களுக்குப் பகிர்ந்தது. ஆட்சியாளரின் கை நேரே நிலையத்தினுள் நீளாதிருத்தற்கே இவ்வேற்பாடு. பின்னர், அன்றாட அரசியற் பூசல் அதனைத் தாக்காதிருக்குமாறு பணத்தை இரண்டாண்டு முன்னதாகவே ஒதுக்கும் வழக்கமும் ஏற்பட்டது. எஞ்சிய செலவைப் பல்கலைக்கழகமும் பார்ப்போரின் நன்கொடையும் ஈடுசெய்தன. மாநகர நிலையங்கள் செல்வரின் நன்கொடையாற் பெரிதும் வாழ்ந்தன. கிராமப்புற நிலையங்களுக்கோ சமஷ்டிப் பங்கு வரவின் பெரும்பகுதி ஆயிற்று. எனவே வெட்டு விழுந்தபோது அதிகம் நொந்தவையும் இவையே. 2025 ஜூலையில், முன்னரே ஒதுக்கிய ஏறக்குறைய 110 கோடி டொலரைச் சட்டமன்றம் மீளப் பெற்றது; அடுத்த மாதமே கூட்டுத்தாபனம் தன் பணியை முடித்துக்கொள்வதாக அறிவித்தது.

செப்ரெம்பரில், தன் நிலையத்தைப் பிலடெல்பியாவின் டபிள்யூ-எச்-வை-வை என்னும் பொது நிலையத்துக்கு ஒப்படைக்கும் யோசனை பென் ஸ்டேற்றின் முன் வந்தது. ஒப்படைப்பதோடு சில ஆண்டுகள் பெருந்தொகையும் வழங்க வேண்டியிருந்தமையால், பொறுப்பாளர் சபையின் நிதிக்குழு அதனை ஏற்கவில்லை. ஆகவே 2026 ஜூன் 30ஆந் திகதிக்குள் நிலையத்தை மூடுவதென அறிவிப்பாயிற்று. ஊரவர் பெரிதும் மனம் வருந்தினர். ஒக்ரோபரில் திருத்திய ஒப்பந்தமொன்று சபையின் முன் வைக்கப்பட, அதன்படி நிலையத்தை மூடாது பிலடெல்பியாவுக்கு மாற்றிக்கொடுக்கப் பொறுப்பாளர் இசைந்தனர்.

கோபுரம் விளக்கணையாது தப்பியது. ஆயின் பிலடெல்பியா அம்மலைநாட்டிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. மாநகரத்தார் அனுப்பும் நல்ல நிகழ்ச்சிகள் இனியும் பள்ளத்தாக்குகளை அடையும்; அதில் ஐயமில்லை. சிற்றூராரிடம் படக்கருவியைக் கொடுத்து உங்கள் ஊரை நீங்களே காட்டுங்கள் என்று சொல்பவர் யார், அதற்குரிய செலவை ஏற்பவர் யார் என்பவை ஒப்பந்தத்தின் சொற்களாற் தீர்வன அல்ல. அடுத்துவரும் ஆண்டுகளின் வரவுசெலவுக் கணக்கிலேதான் அவை தெரியவரும்.