மாடியில் சோலார்: கடன் மனு எழுதும் முன்...



"மாடியில சோலார் போட்டா கரண்டு பில்லே வராதாமே, குழுவுல கடன் கிடைக்குமா?" என்ற கேள்வி இப்போது கூட்டங்களில் அடிக்கடி வருகிறது. மனு எழுதும் முன் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, நிழல் விழாத மாடி வேண்டும். தமிழ்நாட்டு வெயிலுக்கு அது சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாத பில்லுக்கு 240 யூனிட். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நன்றாகக் குறையும். சித்திரை வெயிலில் கொட்டும் என்று நினைக்க வேண்டாம். வெளிச்சம்தான் மின்சாரமாகிறது, சூடு அல்ல. தகடு சூடேறினால் உற்பத்தி கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதனால்தான் அடியில் காற்றோட இடம் விட்டு, தெற்குப் பார்த்துச் சாய்வாக வைக்கிறார்கள்.

தென்னங்கீற்று நிழல், தூசி, காக்கை எச்சம் மூன்றும் யூனிட்டைத் தின்னும். தகடு சூடேறும் முன் காலையிலேயே நல்ல தண்ணீர் விட்டு மெல்லிய துணியால் துடைத்தால் போதும். உப்புத் தண்ணீர் வெள்ளையாகப் படியும்.

கரண்டு போனால் இது எரியுமா? எரியாது! கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் மேல் நம் வீட்டு மின்சாரம் பாயக்கூடாது என்பதால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். எரிய வேண்டுமானால் பேட்டரி தனியாக வேண்டும், செலவும் கூடும். விற்க வருபவர்கள் எல்லோரும் இதைச் சொல்வதில்லை. நாம்தான் கேட்க வேண்டும்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் வீடுகளுக்கு 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2-க்கு ரூ.60,000, 3-ம் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம் அறிவிக்கப்பட்டது. அது வேலை முடிந்து, இருவழி மீட்டர் மாட்டிய பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத்தொகைக்கும் வழி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபேன், டிவி, நாலு லைட்டு மட்டும் உள்ள வீடா? பில் இலவச யூனிட்டுக்குள்ளேயே முடிகிறதா? அப்படியானால் சோலாரால் மிச்சமாக ஒன்றுமில்லை, தவணைதான் ஏறும். ஃபிரிட்ஜ், மோட்டார், ஏசி என்று பில் ஏறுகிற வீட்டுக்குத்தான் கட்டுபடியாகும்.

மாவு மில், தையல் கூடம் நடத்தும் குழுக்களுக்கு வேறு கணக்கு. பகலில் ஓடுவதால் வரும் யூனிட் அங்கேயே செலவாகிவிடும். ஆனால் இந்த மானியம் வீடுகளுக்கு மட்டும்தான், வணிக இணைப்புக்குக் கிடையாது. மிச்ச யூனிட்டை எப்படிக் கழிப்பார்கள் என்பதை மின்வாரிய அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடன் கேட்கும் உறுப்பினர் கடைசி ஆறு பில்லையும் கூட்டத்துக்குக் கொண்டுவரட்டும்.