பொதியின் மேலுள்ள குறி யாருடையது?

கடையில் வாங்கும் தேயிலைப் பெட்டியை நம் பிள்ளைகள் கையிலெடுத்துப் பார்ப்பதுண்டு. பெட்டியில் வாளேந்திய சிங்கம் ஒன்று நிற்கும். கம்பனியின் பெயருக்குப் பக்கத்தில், எறும்பளவில், வட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். "இது என்ன?" என்று பிள்ளை கேட்டால், "அது கம்பனிக்காரர் போடுவது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அந்தச் சிறு குறியில் நம் உழைப்பும் நாளைய வருமானமும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. ஆகவே அதை விளக்கிச் சொல்வது பெற்றோரின் கடமையாகும்.

குறி எதற்கு?

பல வீட்டு மாடுகள் ஒன்றாக மேயும் இடத்தில், தன் மாட்டை அறிந்துகொள்ள அதற்குக் குறி வைப்பார்கள். கடையிலும் இதே கதைதான். பத்துப் பேர் செய்த மிளகாய்த்தூள் ஒரே தட்டில் இருக்கும்போது, எது யாருடையது என்று காட்டுவது வியாபாரக் குறி. அது ஒரு சொல்லாக இருக்கலாம், படமாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். "இதை நாங்கள் செய்தோம், நல்லதோ கெட்டதோ எங்களையே கேளுங்கள்" என்று செய்தவர் கொடுக்கும் வாக்கு அது.

சின்னங்களைப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்கலாம். 'டி', 'எம்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் பெயரின் மேல்மூலையில் இருந்தால், "இது எங்கள் குறி" என்று அவர்கள் உரிமை கோருகிறார்கள் என்று பொருள். வட்டத்துக்குள் 'ஆர்' இருந்தால், அந்தக் குறி அரசாங்கத்தில் பதியப்பட்டது என்று பொருள். பதியாமல் இதைப் போடுவது பல நாடுகளில் குற்றமாகும். வட்டத்துக்குள் 'சி' என்பது வேறு விடயம். அது புத்தகம், படம், பாட்டு முதலியவற்றை ஆக்கியவரின் உரிமையைக் காட்டுகிறது.

சிங்கம் சொல்லும் வாக்கு

தேயிலைப் பெட்டியிலுள்ள சிங்கம் தனியொரு கம்பனிக்குச் சொந்தமானதல்ல. அது இலங்கை தேயிலைச் சபையின் குறி. நினைத்தவர் எல்லாம் அதைப் போட முடியாது. உள்ளே இருப்பது நூற்றுக்கு நூறு இலங்கைத் தேயிலையாக இருக்க வேண்டும். இலங்கையிலேயே பொதி செய்யப்பட வேண்டும். சபை விதித்த தரமும் இருக்க வேண்டும். வேறு நாட்டுத் தேயிலையைக் கலந்தால் சிங்கம் போடும் உரிமை கிடையாது.

இந்த வாக்கைக் காப்பாற்றுவது யார்? இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பார்த்துக் கிள்ளும் கைகளே முதலில் காப்பாற்றுகின்றன. முற்றிய இலை கூடையில் விழுந்தால் எந்தச் சிங்கத்தாலும் தரத்தைக் கொண்டுவர முடியாது. 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தம் பெயர் பொறித்த பொதிகளில் தேயிலையை விற்றார். அவர் இறந்தது 1931இல். அந்தப் பெயர் இன்றும் உலகக் கடைகளில் விலைபோகிறது. கொழுந்து பறித்த நம் பாட்டிமாரின் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை.

மனிதருக்குப் போட்ட குறி

நம் முன்னோருக்கும் ஒருகாலத்தில் குறி போட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்டவர்களுக்குத் தகரச் சீட்டுக் கொடுக்கப்பட்டது. எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டிய ஆள் என்பதை அதிலுள்ள எழுத்தும் எண்ணும் காட்டின. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம். பொருளுக்குக் குறி போடலாம். கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்ட மனிதர் பொருளல்லர்.

நம் பொருளுக்கு நம் பெயர்

இடம்பெயர்ந்து வந்து புதிய இடத்தில் கரட்டும் லீக்ஸும் பயிரிடுகிறோம். அவை வியாபாரியின் சாக்கில் ஏறியதும் நம் அடையாளம் மறைந்துவிடுகிறது. மிளகாய்த்தூளோ மூலிகைத் தேநீரோ செய்து பொதியாக்கும் மாதர் குழுக்கள் பெயரொன்றை வைத்து விற்கத் தொடங்கினால், வாடிக்கையாளர் அந்தப் பெயரைக் கேட்டு வருவார்கள். பெயர் பிடித்த பிறகு வேறொருவர் அதைத் தம் பெயரில் பதிந்துகொண்டால், ஆண்டுக்கணக்காகச் சேர்த்த நம்பிக்கை கைமாறிப் போகும். முதலில் முறையாக விண்ணப்பிப்பவருக்கே சட்டம் முன்னுரிமை தருகிறது.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் குறியைப் பதியலாம். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். சங்கமாகச் சேர்ந்து கூட்டுக் குறியாகவும் பதியலாம். பெயரைத் தெரிவு செய்யும்போது கவனம் தேவை. 'நல்ல மிளகாய்த்தூள்' என்று பொருளை மட்டும் வர்ணிக்கும் பெயரைப் பதிய முடியாது. வாங்குபவரை ஏமாற்றும் பெயரும், அனுமதியின்றித் தேசியக் கொடியைப் போடுவதும் ஏற்கப்படமாட்டா.

குறியைப் பதிந்தால் மட்டும் போதாது. ஒரு பொதியில் மாவைக் கலந்தால், குழுவிலுள்ள எல்லாக் குடும்பங்களின் பெயரும் கெடும். வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்த நம்மிடம் உழைப்பும் நேர்மையும் எஞ்சியிருக்கின்றன. அவற்றின் மேல் நம் பெயரை நாமே எழுதுவோம்.

குழுவாகச் சிந்திக்க

1. நம் குழுவின் பொருளை வாங்குபவருக்கு நாம் கொடுக்கக்கூடிய வாக்கு என்ன?

2. அந்த வாக்கைக் காக்க ஒவ்வொரு குடும்பமும் என்ன செய்ய வேண்டும்?